மே/பா காரைவீடு

கோவில்பட்டியில் பழைய இரும்பும் பேப்பரும் எடைக்கு வாங்குகிற கடை ஒன்றிலிருந்து போன வருசம் ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு ஆள் வந்தது. "ஒங்க ஆளுக காயிதம் கொஞ்சம் கெடக்கு. படமும் இருக்கு. வேணும்னா வந்து பாத்து எடுத்துக்கிடுங்க" என்று சேதி.

எட்டயபுரம் ரோட்டிலிருந்து விலகி, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே மேலத்தெருவில் ஒரு காரைவீடு இருந்தது. ஊர் நிலத்தில் பாதி அந்த வீட்டுக்குத்தான். வாரிசுகள் மதுரை, சென்னை, அதற்கும் அப்பால் என்று போய்விட்டார்கள். வீட்டை இடித்தபோது தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி வியாபாரிகளுக்குப் போயின. ஓட்டை அண்டா, டிரங்குப் பெட்டி, பழைய கணக்கு நோட்டெல்லாம் எடைக்குப் போயின. அந்தப் பெட்டிகளில் ஒன்றின் அடியில் எங்கள் காயிதம் கிடந்திருக்கிறது.

பதினொரு கடிதம், மூன்று படம். கடிதக் கட்டு மொத்தமாக ஐயாயிரம், படம் ஒன்று இரண்டாயிரம் என்றார் கடைக்காரர். "அண்ணாச்சி, இது எங்க தாத்தா எழுதினது. எங்க வீட்டுக்கு எழுதினது" என்றேன். "தெரியும் தம்பி. அதனாலதான ஒங்களுக்குச் சொல்லிவிட்டேன். இல்லைன்னா காரைக்குடிக்கு ஏத்திவிட்ருப்பேன். நானும் துட்டுக் குடுத்துத்தான வாங்கியிருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. உறைகளில் ஸ்டாம்பு ஒட்டியிருந்த மூலைகள் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தன. ஸ்டாம்பு சேர்க்கிறவர்களுக்கு அவை முதலிலேயே விற்றுவிட்டன. ஸ்டாம்போடு தபால் முத்திரையும் போய்விட்டது. முத்திரையோடு தேதியும் போயிற்று.

ஆனால் முகவரி இருந்தது. பதினொன்றிலும் ஒரே மாதிரி: கோவில்பட்டி தாலுகா, ஊர்ப் பெயர், 'காரைவீட்டு முதலாளி அவர்கள் மேல்பார்த்து, கீழத்தெரு இன்னார் கையில் கொடுப்பது.' இன்னார் என்பது என் பாட்டியின் தகப்பனார், என் பூட்டன். எழுதியது பாட்டியின் அண்ணன். இருபது வயசுக்குள் இலங்கைக்குப் போனவர். என் பாட்டி 1998இல் இறந்தாள். சாகிறவரைக்கும் "எங்கண்ணன் கண்டிக்குப் போயி எங்கள மறந்துட்டான்" என்றுதான் சொன்னாள். பதினொரு கடிதத்தில் ஒன்றுகூட எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஏழு பிரிக்கப்பட்டிருந்தன. நாலு ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

*

கரிசல் கடிதம் என்றால் இலக்கியம் படித்தவர்களுக்கு இடைசெவல்தான் ஞாபகத்துக்கு வரும். கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊரிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்துவிட்டன. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது அவற்றை ரசித்துப் படித்தேன், இப்போதும் படிப்பேன். கடிதம் எழுதினால் நண்பன் கைக்குப் போய்ச் சேரும், அவன் அதைப் பத்திரமாக வைத்திருப்பான் என்ற இரண்டு நிச்சயங்கள் அதற்குப் பின்னால் இருந்தன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதே கரிசலில், அதே தபால் பையில் வந்த வேறு கடிதங்களுக்கு அந்த நிச்சயம் இல்லை.

மேல்பார்த்து என்பது என்ன? நமக்கு வருகிற கடிதத்தை முதலில் வேறொருவர் பார்ப்பார், பிறகு கொடுப்பார் என்பதுதான். சேரிக்குள் தபால்காரர் வருவதில்லை. சாவடியிலோ, கடையிலோ, பண்ணை வீட்டுத் திண்ணையிலோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இதை ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். கான்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை எடுத்துக்கொண்டு செய்த தீண்டாமை ஆய்வு 2006இல் புத்தகமாக வந்தது. அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு கிராமத்தில் தலித் வீடுகளுக்குத் தபால் பட்டுவாடா இல்லை என்று இருக்கிறது. சர்க்கார் ஸ்டாம்பு, சர்க்கார் சம்பளம், சர்க்கார் சைக்கிள். தெருமுனை வந்ததும் சாதி.

மணியார்டர் இந்தியாவில் 1880இல் தொடங்கியது. கடல் கடந்து போன கூலிக்காரனுக்கு அது பெரிய வரம். ஆனால் மணியார்டரும் மேல்பார்த்துதான் வரும். ரேகை வைக்கிறவனுக்கு எவ்வளவு வந்தது என்று சொல்கிறவனும், சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவனும், அவனுடைய கடனைக் கழித்துக்கொள்கிறவனும் ஒரே ஆள் என்றால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிரிக்கப்பட்டிருந்த ஏழு கடிதங்களிலும் பணத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறது. உறைக்குள் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது. மற்றதைப் படித்தார்களோ இல்லையோ, கீழத்தெருவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடவில்லை. இலங்கைக்குப் போனவன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்தால் பண்ணையில் மாடு மேய்க்கிற மற்ற பையன்களும் கங்காணி பின்னால் போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் கரிசல் காட்டில் பருத்தி எடுக்க ஆள் இல்லாமல் போவதைவிடப் பெரிய பயம் சம்சாரிக்குக் கிடையாது.

*

கங்காணி பின்னால் போனவர்கள் எப்படிப் போனார்கள்? திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமையிலிருந்து பள்ளர், பறையர், சக்கிலியர் என்று நம் சனம் கூட்டம் கூட்டமாகப் போனது. மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. அந்த வருசமேதான் தாது வருசப் பஞ்சம் தொடங்கியது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும், கிழக்கே மண்டபத்திலும் கூலிகளைத் தடுத்து வைத்து அம்மை, பேதி பார்க்கிற முகாம்கள் இருந்தன. 1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார் திருச்சியில் லேபர் கமிஷன் என்று ஓர் ஆபீசே வைத்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் வந்ததும் தனுஷ்கோடி வழி பெருவழியாயிற்று.

இந்தப் பயணத்தில் நம் ஆட்களைப் பற்றி எழுதப்பட்ட முதல் காகிதங்கள் அவர்களுடையவை இல்லை. கங்காணியின் பற்றுக் கணக்கு, தோட்டத்துச் செக்ரோல், அப்புறம் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டுத்தான் துண்டு. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. ஆக, எழுத்து என்பது நம் சனத்துக்குக் கடனாகத்தான் அறிமுகமானது. அந்தச் சூழலில் ஒருத்தன் ஓரணா இரண்டணா கொடுத்துக் கடிதம் எழுத வைத்திருக்கிறான் என்றால் அதன் கனத்தை யோசிக்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. பதினொரு கடிதத்தில் நாலு பேர் கையெழுத்து இருக்கிறது. ஒருத்தர் நல்ல படிப்பாளி, 'அநேக க்ஷேமம்' என்று தொடங்குகிறார். இன்னொருத்தர் நம் பேச்சை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்: 'ஐயா நான் சொகமாருக்கேன் நீங்க சொகமா தங்கச்சி சொகமா செவலக்காள சொகமா.' எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது ஆள்தான்.

அங்கேயும் கடிதம் நேரே வராது. மலையகத்தில் லயத்துக்கு முகவரி கிடையாது, தோட்டத்துக்குத்தான் முகவரி. தபால் பை தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கணக்கப்பிள்ளை கையிலிருந்து கங்காணி கைக்கு, அங்கிருந்து லயத்துக்கு. தனித்தனி முகவரி வேண்டும் என்பது இந்த நூற்றாண்டிலும் மலையக மக்களின் கோரிக்கையாகவே எழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் துரை மேல்பார்த்து, இந்தப் பக்கம் காரைவீட்டு மேல்பார்த்து. நடுவில் கடல் ஒன்றுதான் உறையைப் பிரித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறது.

1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. அங்கே இருந்தவர்கள் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்று தவித்தார்கள். எங்கள் கட்டில் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றில், பொங்கலுக்கு வருவதாக இருந்ததை நிறுத்திவிட்டேன் என்று இருக்கிறது. பிறகு 1948 பிரசாவுரிமைச் சட்டம். சுமார் 7 லட்சம் பேர் ஒரே அடியில் நாடற்றவர்கள். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய குடியிருப்பாளர் சட்டம் என்று ஒன்றைப் போட்டு மனுக் கொடுக்கச் சொன்னார்கள். மனுவுக்குக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனு போயிற்று. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பத்து வருசம், ஏழு வருசம் தொடர்ந்து இருந்ததற்குக் காகிதம் காட்டச் சொன்னார்கள். காகிதத்தைத் தோட்டத்து ஆபீசில் வைத்துக்கொண்டு, கூலிக்காரனிடம் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பியதேகூடச் சிலருக்கு எதிராகத் திருப்பப்பட்டது.

*

படங்களுக்கு வருகிறேன்.

மூன்றில் ஒன்று ஸ்டுடியோவில் எடுத்தது. தாத்தா கோட்டுப் போட்டு நிற்கிறார். கோட்டு இரவல் என்பது கை நீளத்திலேயே தெரிகிறது. பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டு. கால் வெறுங்கால். பின்புறம் ஹட்டன் என்று ரப்பர் முத்திரை. கூலி மிச்சம் பிடித்து, மலை இறங்கிப் போய், துட்டுக் கொடுத்து, தானே விரும்பி நின்று எடுத்துக்கொண்ட படம். எங்கள் வம்சத்தில் 1970க்கு முன்னால் அப்படி ஒரு படம் வேறு கிடையாது.

இது எவ்வளவு அபூர்வம் என்பது மற்ற படங்களைப் பார்த்தால்தான் விளங்கும். நம் முன்னோர் முகங்கள் காமிராவில் விழாமல் இல்லை. நிறைய விழுந்திருக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் அளந்துகொண்டே படமும் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். படத்தின் கீழே சாதிப் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இலங்கையில் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளேட் ஆகிய வெள்ளைக்கார ஸ்டுடியோக்கள் கொழுந்து பறிக்கிற நம் பெண்களைப் படம் எடுத்துத் துரைமாருக்கும் கப்பலில் வருகிறவர்களுக்கும் விற்றன. பிறகு தபால் அட்டையாக அச்சடித்துக் குவித்தன. 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்' என்று அடியில் எழுத்து. இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அவற்றை நல்ல விலைக்கு விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அதில் யாருடைய பூட்டி நிற்கிறாள்?

எங்கள் கட்டில் இரண்டாவது படம் அப்படிப்பட்ட தபால் அட்டைதான். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாலு பெண்கள். பின்னால் பேனாவால் எழுதியிருக்கிறது: 'தங்கச்சிக்கு. இதுல உள்ளது ஆருன்னு தெரியாது. ஒன் மதினி செய்ற வேல இதான்.' துரைமாருக்காக அச்சடித்த அட்டையைக் கடையில் வாங்கி, அதைத் தன் குடும்பப் படமாக ஆக்கித் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறார் அந்த மனுசர். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளையும் இந்த ஓர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

முன்னோர் படத்தை வாரிசுகள் தேடிப் போய் வாங்குவது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மொரீசியசில் 1867இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் போட்டோ ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்சுற்றி என்று சிறை. உலகத்தில் பணக்காரன் ஆசைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மாகாணத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போன கூலிகளை மார்பில் நம்பரோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். சீட்டுத் தொலைந்தால் புதுச்சீட்டுக்கு அவர்களே பணம் கட்ட வேண்டும். இந்தக் கொடுமைக்கு எதிராக 1871இல் 9,401 பேர் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். அதை எழுத உதவியவர் அடோல்ப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர். விசாரிக்க லண்டனிலிருந்து ராயல் கமிஷனே வந்தது. அந்தப் படங்கள் இப்போது மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொள்ளுப்பேரன்கள் நம்பரைச் சொல்லித் தேடி, பிரதி எடுத்துக்கொண்டு போய்ச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். போலீசு பிடிக்க எடுத்த படம், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். வேறு படம் இல்லையே.

இங்கேயும் அதே கதைதான். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டுக்காகப் பல குடும்பங்கள் முதல் தடவையாகக் காமிரா முன்னால் நின்றன. நாட்டைவிட்டு அனுப்புவதற்கு எடுத்த படம்தான் அவர்களுக்குக் குடும்பப் படம்.

*

நாம் ஏன் பத்திரப்படுத்தி வைக்கவில்லை என்று கேட்கிற நம் தோழர்களே இருக்கிறார்கள். ஓலைக்கூரை, மழை, கரையான், பஞ்சம் பிழைக்க ஊர் மாறுவது எல்லாம் சரி. இன்னொன்றும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31இல் ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியன்குளத்தில் சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். டி.வி., தையல் மிசின், சைக்கிள் எல்லாவற்றையும் உடைத்தார்கள். வளைகுடாவுக்குப் போய் வந்த பையன்களின் பாஸ்போர்ட்டையும், படித்தவர்களின் சர்ட்டிபிகேட்டையும் துணிமணிகளோடு போட்டுக் கொளுத்தினார்கள். டி.வி.யைத் திரும்ப வாங்கிவிடலாம். எதை எரித்தால் இந்தச் சனம் திரும்ப எழ நாளாகும் என்று தெரிந்து எரித்திருக்கிறார்கள்.

சேரியின் காகிதம் எளிது, பெரியவர்கள் காகிதம் தப்பிக்கும் என்றும் இல்லை. 1956இல் பாபாசாகேப் மறைந்தபின் தில்லி அலிப்பூர் ரோடு வீட்டில் இருந்த அவருடைய காகிதங்கள் 1967இல் வெளியே எறியப்பட்டு மழையில் நனைந்து சேதமாயின. மிஞ்சியது கோர்ட்டுப் பொறுப்புக்குப் போய், வசந்த் மூன் போன்றவர்களின் பாடுகளால் 1979 முதல்தான் தொகுதிகளாக வரத் தொடங்கியது. காந்தி தன் நண்பர் காலன்பாக்குக்கு எழுதிய கடிதங்கள் ஏலத்துக்கு வருகின்றன என்றதும் 2012இல் இந்திய அரசு பெருந்தொகை கொடுத்து வாங்கிவிட்டது. வாங்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

நம் பெட்டியில் இருந்து பிழைத்ததும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய பத்திரிகை. எந்த நூலகமும் அதை ஒழுங்காக வைத்திருக்கவில்லை. பழைய பௌத்தக் குடும்பங்களும் அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் காத்துவைத்திருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட முடிந்தது. யாரும் அவர்களிடம் விலை பேசவில்லை, அவர்களும் விலை சொல்லவில்லை.

பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு சில வருசங்களுக்கு முன் தேடி எடுத்து மின்படியாக்கியது. நல்ல வேலை. கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் ஸ்டுடியோக்காரர்கள் பழைய நெகட்டிவை எடைக்குப் போடுமுன் நம் இளைஞர்கள் போய்க் கேட்க வேண்டும். அதற்கு நிறுவனம் தேவையில்லை. ஒரு செல்போனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

*

விலை சொன்ன அன்றைக்கு ராத்திரி தெருவில் கூடிப் பேசினோம். பையன்கள் கொதித்தார்கள். "நமக்கு எழுதின காயிதத்துக்கு நாம எதுக்கு துட்டு குடுக்கணும்? போயி எடுத்துட்டு வருவோம்" என்றான் ஒருத்தன். வழக்குப் போடலாம் என்றான் சட்டக் கல்லூரியில் படிக்கிறவன். யார் மேல் போடுவது? எடைக்கு வாங்கின அண்ணாச்சி மேலா, செத்துப்போன முதலாளி மேலா, தபால் இலாகா மேலா? எண்பது வயசான என் அத்தைதான் முடித்துவைத்தாள். "துட்டக் குடுத்து வாங்கிட்டு வா எய்யா. எங்க மாமன் என்ன எழுதியிருக்காருன்னு நான் கேக்கணும். ஞாயத்தப் பெறகு பேசிக்கிடலாம்." சுயஉதவிக் குழுவில் எடுத்து வைத்திருந்த பணத்தில் மூவாயிரத்தை அவளே கொடுத்தாள். மீதியை நாங்கள் போட்டோம்.

ஒட்டியபடி இருந்த நாலு கடிதங்களை அத்தை முன்னால் வைத்துத்தான் பிரித்தேன். மூன்றில் க்ஷேமலாபம், பிள்ளை பிறந்த சேதி, பதில் இல்லையே என்ற வருத்தம். நாலாவது 1951 சித்திரையில் எழுதியது. நம் பேச்சில் எழுதுகிற அந்த ஆள்தான் எழுதியிருக்கிறார். 'ஐயா, இங்க பிரசாவுரிமைக்கு மனுப் போடச் சொல்லுதாக. ஆடிக்குள்ள போடணும். போட்டா இங்கதான் இருக்கணும். போடாட்டி ஊருக்கு வந்துரணும். நான் என்ன செய்யட்டும். நீங்க ஒரு வார்த்த எழுதினாப் போதும். வான்னா வாரேன்.'

வாசித்து முடித்ததும் அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொருக்க வாசி" என்றாள். அதற்குப் பின்னால் கடிதம் இல்லை. மனுப் போட்டாரா, கிடைத்த 1,34,000 பேரில் ஒருத்தரா, நாடற்றவராகவே செத்தாரா, அந்தப் பிள்ளைகள் எந்த லயத்தில் என்று மலையகத் தோழர்கள் மூலமாக இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

கடிதமும் இரண்டு படமும் கையில் வந்துவிட்டன. மூன்றாவது படம் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அது இலங்கைப் படம் இல்லை, காரைவீட்டு வாசலில் எடுத்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் அவர் குடும்பம். பின்புறம் உட்கார்ந்திருக்கிற எல்லாருடைய பெயரும் வரிசையாக மசியில் எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில் காளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு மட்டும் தெரிய ஒருத்தர் நிற்கிறார். அவர் பெயர் எழுதப்படவில்லை. அத்தை பார்த்த மாத்திரத்தில் "எங்க தாத்தா" என்றாள். போன மாசம் அண்ணாச்சி போன் போட்டார். காரைவீட்டுப் பேரன் மதுரையிலிருந்து அந்தப் படத்தைக் கேட்கிறாராம். "அவுக நாலாயிரம் தாரேங்காக தம்பி. நீங்க என்ன சொல்லுதீக?"